மூன்றாமவருக்கு ஒரு வாக்கு

தேர்தல் வரும்போதெல்லாம் நாம் யாருக்கு வாக்களிக்கிறோம் என்று நண்பர்கள் கேட்பதும், விடையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. "தோக்குற ஆளுக்குப் போட்டு என்ன செய்யப் போறீக?" என்பார்கள். இரு பெருங்கூட்டணிகளுக்கும் வெளியே நிற்பவரைத் தேடி வாக்களிப்பதற்கு நம்மிடம் காரணங்கள் உண்டு.

நமது முதல் வாக்கு 1999 மக்களவைத் தேர்தலில், சிவகங்கைத் தொகுதியில் பதிவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்திருந்தது. தி.மு.க. பா.ஜ.க.வோடு சேர்ந்தது, காங்கிரசு அ.தி.மு.க.வோடு சேர்ந்தது. மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசோ இரண்டு பக்கமும் போகவில்லை. 1996இல் அ.தி.மு.க. உறவை மறுத்தே பிறந்த கட்சி அது. மீண்டும் அந்த வாசலில் போய் நிற்க இயலாது. பா.ஜ.க. இருக்கும் அணியிலும் சேர மனமில்லை. அதுவரை தேர்தலையே புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தனி அணி கண்டது. அந்த அழைப்பு ஒன்றே நமக்குப் போதுமானதாக இருந்தது. சைக்கிளில் முத்திரை குத்தினோம்.

முடிவு ஊரறிந்தது. காங்கிரசின் சுதர்சன நாச்சியப்பன் வென்றார், பா.ஜ.க.வின் எச். ராஜா இரண்டாமிடம். நாம் வாக்களித்த ப. சிதம்பரம் மூன்றாமிடம். தமிழகம் முழுவதிலும் த.மா.கா.வுக்கு ஓரிடமும் கிட்டவில்லை.

வாக்கு வீணாயிற்றா? இல்லை என்பதே நமது துணிபு. தோற்றவருக்கு விழுந்த வாக்கை வாக்காளர் மறந்துவிடலாம்; கட்சிக்காரர் மறப்பதில்லை. 2006 சட்டமன்றத் தேர்தலில் தே.மு.தி.க. எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றும், விருத்தாசலம் ஒன்றில் மட்டுமே வென்றது. 'வீணான' அந்த எட்டு விழுக்காட்டுக்காகவே 2011இல் அ.தி.மு.க. அக்கட்சிக்கு 41 தொகுதிகளை எடுத்துக் கொடுத்தது. அவற்றுள் 29இல் வென்று விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஆனால் நமது அச்சமும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. மூன்றாம் கட்சிக்கு இட்ட வாக்கு தோல்வியால் வீணாவதில்லை; பேரத்தில் கைமாறுகிறது. ஜெயலலிதாவோடு சேரமாட்டோம் என்று பிறந்த த.மா.கா., 2001இல் அவரோடு சேர்ந்தே சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்தது. மறு ஆண்டு காங்கிரசில் கலந்து மறைந்தது. நாம் 1999இல் சொன்னது ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசியது வேறொன்று. 2001இல் நமது வாக்கு சைக்கிள் பக்கம் போகவில்லை.

இது புதிய கதையும் அன்று. காரைக்குடியில் கம்பன் கழகம் கண்ட சா. கணேசனை இலக்கிய அன்பர்கள் நன்கறிவர். 1962இல் இத்தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, இராஜாஜியின் சுதந்திராக் கட்சியின் சார்பில். காங்கிரசுக்கு 139, தி.மு.க.வுக்கு 50, சுதந்திராவுக்கு 6 என்றிருந்த அவையில், அந்த ஆறில் ஒன்று நம்மூருடையது. (கம்பனைக் கடுமையாகச் சாடியவரின் கட்சியும் கம்பனடிப்பொடியும் ஒரே அவையில், எதிர்வரிசையில்!) 1967இல் அதே சுதந்திரா தி.மு.க. கூட்டணியில் இருந்தது.

ஆகவே நமது கணக்கு எளியது. தனித்து நிற்கும் வரை மூன்றாமவருக்கு வாக்கு. பெரிய வீட்டுத் திண்ணையில் ஏறி அமர்ந்த அன்றே அது நின்றுவிடும்.

இதற்கு உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் எழுப்பும் தடை வலுவானது. 2009இல் இதே சிவகங்கையில் சிதம்பரத்துக்கும் இராஜ கண்ணப்பனுக்கும் இடையே இருந்த வேறுபாடு 3,354 வாக்குகள். தனித்து நின்ற தே.மு.தி.க. பெற்றதோ அதைப்போலப் பன்மடங்கு. "முடிவை மாற்றியவர்களே நீங்கள்தாம் ஐயா" என்பார். அந்த ஆண்டும் நாம் மூன்றாமவருக்கே வாக்களித்தோம் என்பதை அவர் அறிவார். அவ்வாக்குகளெல்லாம் முன்னமே யாரோ ஒருவருக்குச் சொந்தமாயிருந்து, நம் போன்றோர் களவாடிவிட்டதைப் போன்றதொரு தொனி அவர் பேச்சில் உண்டு. அதை நாம் ஏற்பதில்லை. ஒருவர் நயந்து கேட்டுப் பெறாத வாக்கை நாம் எப்படி அவரிடமிருந்து பறித்தோம்? ஆயினும் நூலிழையில் முடிவாகும் தொகுதியில், இருவருள் ஒருவர் வந்தால் பெருங்கேடு என்று உறுதியாகத் தோன்றினால் நமது கையும் தயங்கும். 2009இல் அப்படித் தோன்றவில்லை.

தனித்து நிற்பது மட்டுமே தகுதியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் ஓரிடமும் வெல்லாமலே எட்டு விழுக்காட்டைக் கடந்து, மாநிலக் கட்சி என்ற ஏற்பைப் பெற்றது நாம் தமிழர் கட்சி. அதன் விடாப்பிடியை மதிக்கிறோம். யார் தமிழர் என்பதைப் பிறப்பைக் கொண்டு அளக்கும் அதன் மேடைப் பேச்சோடு ஒத்துப்போக இயலவில்லை, வாக்களிக்கவுமில்லை.

2013 முதல் 'நோட்டா' இருக்கிறதே என்பர் மாணவர் சிலர். அது எத்தனை விழுந்தாலும் வேட்பாளருள் மிகுதியாகப் பெற்றவரே வெல்கிறார். அதை வைத்துப் பேரம் பேசவும் ஆளில்லை, அடுத்த தேர்தலில் வந்து கதவைத் தட்டவும் ஆளில்லை. வேண்டாம் என்று சொல்வதைக் காட்டிலும், இன்னாரைப் போன்ற ஒருவர் வேண்டும் என்று சொல்லவே நமக்கு விருப்பம். அவர் வைப்புத்தொகையை இழப்பதாயினும் சரியே.