பகலில் பார்மசி பாடம். ராத்திரியில் மருந்துக் கடையா?

சென்னையில் மெடிக்கல் ஷாப் இல்லாத தெரு அபூர்வம். சாயங்காலம் 6 மணிக்கு மேல் அங்கே கூட்டம் அலைமோதும். கவுண்டருக்குப் பின்னால் ஓடி ஓடி மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பையன்களில் சிலர், பகலில் பார்மசி படிக்கும் மாணவர்கள்!

படிக்கிற காலத்தில் பகுதி நேர வேலைக்குப் போகலாமா, கூடாதா? வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு நடக்கிறது.

பீஸ் கட்ட வேண்டும். பஸ், ரெயில் சீசன் டிக்கெட், புத்தகம், லேப் கோட்டு என்று செலவு வரிசையில் நிற்கிறது. அப்பா கூலி வேலை, அம்மா வீட்டு வேலை என்றால் பையன் என்னதான் செய்வான்? வேலைக்குப் போவதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. உழைத்துப் படிப்பது கவுரவம்தான்.

ஆனால் இது ஜவுளிக் கடையில் துணி மடிக்கிற வேலை அல்ல. மருந்து!

மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். கவரில் "தினமும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போச்சு, உயிருக்கே உலை! காலை 9 மணிக்குக் கல்லூரி, ராத்திரி 10 மணி வரை கடை என்று தூக்கம் கெட்டு நிற்கிற பையனின் கண்ணுக்கு இது தப்பாமல் தெரியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான். மாணவர் இன்னும் பதிவு பெறாதவர். 2014-ல் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியல் மருந்துகளுக்குத் தனி ரிஜிஸ்தரே உண்டு. நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சில கடைகளில் நடப்பதோ வேறு! சர்டிபிகேட் சுவரில் தொங்குகிறது. அதற்கு உரியவர் ஆளையே காணோம். "தம்பி, நீதான் பார்மசி படிக்கிறியே, பார்த்துக்கோ" என்று முதலாளி கிளம்பிவிடுகிறார். குறைந்த சம்பளத்தில் அரை மருந்தாளுநர்! தப்பு நேர்ந்தால் முதலாளி கையை விரிப்பார். மாட்டிக்கொள்வது யார்? பையன்தான்.

படிப்பும் விளையாட்டல்ல. டிப்ளமோவுக்கு 75 சதவீதம், பி.பார்ம் படிப்புக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். அதுவும் பாடத்துக்குத் தனி, செய்முறைக்குத் தனி. கடைக்கு நேரமாச்சு என்று லேபிலிருந்து நழுவினால், பரீட்சை எழுத முடியாமல் போகும். ஒரு வருஷம் வீணானால், ராத்திரியில் சம்பாதித்த காசு அதற்கு ஈடாகுமா?

"கடையில் நிற்பது டிரெயினிங்தானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. டிப்ளமோ மாணவருக்கு 500 மணி நேரப் பயிற்சி கட்டாயம்தான். ஆனால் அது இரண்டாம் ஆண்டு பரீட்சை எழுதிய பிறகு, அங்கீகாரம் பெற்ற இடத்தில் செய்ய வேண்டியது. இப்போது நிற்கிற மணி நேரம் அந்தக் கணக்கில் சேராது.

அப்படியானால் வழி என்ன?

முதல் ஆண்டில் வேலை வேண்டாம். பாடம் பிடிபடட்டும். கல்வி உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பம் போடுங்கள். அதற்குப் பிறகும் முடை என்றால், சனி, ஞாயிறு மட்டும் போகலாம். சரக்கு அடுக்குவது, பில் போடுவது, காலாவதித் தேதி பார்த்துப் பிரித்து வைப்பது எல்லாம் செய்யலாம். மருந்துப் பெயர்கள் மனதில் பதியும், படிப்புக்கும் உதவும். ஆனால் மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் சீட்டை வாங்கவே கூடாது. "சார் வரட்டும்" என்று சொல்லும் தைரியம் வேண்டும். அப்படிச் சொன்னதற்காக வேலை போனால் போகட்டும்!

கடை முதலாளிகளே! பரீட்சை நேரத்தில் பையனுக்கு லீவு கொடுங்கள். மருந்தாளுநர் இல்லாமல் கடை நடத்தாதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ராத்திரி 8 மணிக்கு ஒரு ரவுண்டு வந்தால் உண்மை தெரியும்.

மருந்து வாங்குவோரும் கேளுங்கள்: "மருந்தாளுநர் யாருங்க?" கேட்பதற்குக் காசு செலவில்லை. கேட்காமல் விட்டால் செலவு பெரிசு!