கடனை அடைக்காதவர் தர்மம் செய்யலாமா?

ஊரில் ஒருவர் பலரிடம் கடன் வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவர்கள் அவர் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார்கள். அவரோ தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, போவோர் வருவோருக்கெல்லாம் மோர் வழங்குகிறார். பந்தலின் நெற்றியில் பெரிய எழுத்தில் அவர் பெயர்! மோர் குடித்தவர்கள் வாயார வாழ்த்துகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் பந்தலுக்குப் பின்னால் வெயிலில் நிற்கிறார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பூமி வெப்பமாவதைத் தடுக்கவென்று அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் வாரி வழங்கும் பணத்தின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், இந்தத் தண்ணீர்ப் பந்தல் காட்சிதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

ஆயிரம் கோடி டாலர் அறிவிப்பு

2020 பிப்ரவரியில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், பூமியைக் காப்பதற்காக 1,000 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். ‘பெசோஸ் எர்த் ஃபண்ட்’ என்று அதற்குப் பெயர். அதே ஆண்டு நவம்பரில் முதல் தவணையாக 16 அமைப்புகளுக்கு 79.1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் ஐந்து பெரிய அமைப்புகளுக்கு மட்டும் தலா 10 கோடி டாலர். பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின.

மறுபக்கத்தையும் பாருங்கள். அமேசான் கம்பெனியே வெளியிட்ட அறிக்கைகளின்படி, 2019-இல் அதன் தொழிலால் வெளியான கரியமில வாயு சுமார் 5 கோடியே 11 லட்சம் டன். 2021-இல் அது 7 கோடியே 15 லட்சம் டன்னாக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு நாற்பது பங்கு உயர்வு! பிறகு சற்றுக் குறைந்தாலும் 2024 வரையிலும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஒரு கை தீயை அணைக்கத் தண்ணீர் ஊற்றுகிறது. மறு கை விறகை அள்ளிப் போடுகிறது.

இன்னொரு செய்தி. அந்தக் கம்பெனியின் போக்கை அதன் ஊழியர்களே தட்டிக் கேட்டார்கள். 2019-இல் எட்டாயிரத்துக்கும் அதிகமான ஊழியர்கள் கையெழுத்திட்டு, பூமியைக் காக்க உருப்படியான திட்டம் வேண்டும் என்று கோரினார்கள். அந்தக் குரலுக்கு முன்னின்ற இரண்டு பெண் ஊழியர்கள் 2020 ஏப்ரலில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். கம்பெனி விதிகளை மீறினார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். மறு ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியம் அவர்களின் புகாரில் நியாயம் இருப்பதாகக் கண்டது. கம்பெனி சமரசத்துக்கு வந்து, இழந்த சம்பளத்தைக் கொடுத்தது. பிப்ரவரியில் அள்ளிக் கொடுக்கும் அறிவிப்பு. ஏப்ரலில் கேட்டவர்களுக்கு வெளியே போகும் கதவு!

தேர்வு வைப்பவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

கம்பெனிகள் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைக்கும் இலக்குகள் சரியானவையா என்று பரிசோதித்துச் சான்று தரும் அமைப்பு ஒன்று உண்டு. ‘சயின்ஸ் பேஸ்டு டார்கெட்ஸ்’ என்ற அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்த முக்கியப் புரவலர்களில் பெசோஸ் எர்த் ஃபண்டும் ஒன்று. 2021-இல் 1.8 கோடி டாலர் கொடுத்தது. 2023-இல் அமேசான் உரிய காலத்தில் இலக்கைச் சமர்ப்பிக்காததால், அதன் வாக்குறுதியைப் பட்டியலிலிருந்து அந்த அமைப்பு நீக்கியது. 2025 பிப்ரவரியில், பெசோஸ் நிதி அந்த அமைப்புக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்ட செய்தி வெளியானது. ஒப்புக்கொண்ட காலம் முடிந்ததால் உதவியும் முடிந்தது என்று நிதியின் தரப்பில் விளக்கம் தரப்பட்டது.

இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். கேள்வி வேறு. தேர்வு எழுதும் மாணவனின் தகப்பனார்தான் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்றால், ஆசிரியர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும் அந்தப் பள்ளிக்கூடத்தின் மதிப்பெண்ணை ஊர் நம்புமா?

ஐந்து காசு தர்மம், தொண்ணூற்றைந்து காசு வியாபாரம்

அமெரிக்கச் சட்டப்படி, தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் சொத்தில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கைச் செலவிட்டால் போதும். மீதித் தொண்ணூற்றைந்து பங்கு? பங்குச் சந்தையில் வளரும். எந்தக் கம்பெனியின் பங்கில்? அங்கேதான் சூட்சுமம்.

2007 ஜனவரியில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நாளேடு இதைத் தோலுரித்துக் காட்டியது. நைஜீரியாவின் எண்ணெய் வயல் பகுதியில் கேட்ஸ் ஃபவுண்டேஷன் குழந்தைகளுக்குத் தடுப்பூசிக்கு உதவிக்கொண்டிருந்தது. அதே வேளையில், அங்கே எரிவாயுவை இரவும் பகலும் எரியவிட்டு அந்தக் குழந்தைகளின் மூச்சைக் கெடுத்த எண்ணெய்க் கம்பெனிகளில் அதன் பணம் முதலீடாக இருந்தது. ஊசி போட்டதும் உண்மை. புகையில் பங்கு இருந்ததும் உண்மை. (பின்னாளில் பில் கேட்ஸ், எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகளில் நேரடியாக வைத்திருந்த பங்குகளை 2019-இல் விற்றுவிட்டதாக எழுதினார்.)

வரிச் சலுகை இன்னொரு பக்கம். விலை ஏறிய பங்குகளை அப்படியே நன்கொடையாகக் கொடுத்தால், ஏறிய லாபத்துக்கு வரி இல்லை. நன்கொடைக்கும் வரித் தள்ளுபடி. அந்த வரி அரசு கஜானாவுக்குப் போயிருந்தால் அதை எப்படிச் செலவிடுவது என்பதில் வாக்களித்த மக்களுக்கும் பங்கு இருந்திருக்கும். இப்போது முடிவு செய்பவர் ஒரே ஒருவர். பொதுமக்களின் பங்கும் கலந்த பணத்துக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்கிறார் அவர்!

சொல்லப்படாத நன்கொடை

‘சியரா கிளப்’ 1892-இல் தொடங்கிய பழம்பெரும் அமெரிக்கச் சங்கம். 2007 முதல் 2010 வரை அது எரிவாயுத் தொழில்காரர்களிடமிருந்து, பெரும்பாலும் செசப்பீக் எனர்ஜி தலைவராக இருந்த ஆப்ரி மெக்லெண்டன் வழியாக, இரண்டரைக் கோடி டாலருக்கும் மேல் வாங்கியது. எதற்கு? நிலக்கரியை எதிர்க்க. நிலக்கரி ஒழிந்தால் யாருக்கு லாபம்? எரிவாயுவுக்கு! அதே காலத்தில் பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் அச்சங்கத்தின் சாதாரண உறுப்பினர்கள் தங்கள் ஊரின் எரிவாயுக் கிணறுகளை எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை வாங்கிய பணம் அவர்களுக்குத் தெரியாது. 2012-இல்தான் விஷயம் அம்பலமானது. புதிதாக வந்த தலைவர் 2010-லேயே அந்தப் பணத்தை நிறுத்தியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இயக்கம் நடத்துகிற எவருக்கும் இதில் பாடம் உண்டு. உறுப்பினரிடம் சொல்ல முடியாத நன்கொடை, வாங்கக் கூடாத நன்கொடை.

பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதையும் கேளுங்கள். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், காடுகளைக் காக்கும் பூர்வகுடிகளுக்கென்று சில அரசுகளும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 170 கோடி டாலர் அறிவித்தன. முதல் ஆண்டில் செலவான பணத்தில் அந்த மக்களின் அமைப்புகளுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு ஏழு பங்குதான். காட்டில் வாழ்பவன் பெயரில் கடிதம். காசோலை இடைத்தரகர் பெயரில்.

கொடுப்பதையும் குறை சொல்வதா?

“கொடுக்காதவனை விட்டுவிட்டுக் கொடுக்கிறவனைக் குறை சொல்கிறீர்களே!” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்லதை மறைப்பது நீதியல்ல. மைக்கேல் புளூம்பெர்க் 2011-இல் கொடுத்த 5 கோடி டாலர், நிலக்கரி மின் நிலையங்களை மூடும் இயக்கத்துக்கு வலுச்சேர்த்தது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் மூடப்பட்டதில் அந்த இயக்கத்துக்கும் பங்குண்டு. எண்ணெயால் செல்வம் சேர்த்த ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ‘ராக்ஃபெல்லர் பிரதர்ஸ் ஃபண்ட்’, நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளிலிருந்து விலகுவதாக 2014-இல் அறிவித்தது. பணம் வந்த வழியையே திருத்த முன்வந்தது பாராட்டுக்குரியது.

ஆனால் நல்லவர் ஒருவரின் மனதை நம்பி உலகம் நடக்க முடியுமா? 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஐ.நா.வின் பருவநிலை அமைப்புக்கு அமெரிக்கா செலுத்த வேண்டிய பங்கை ஈடுகட்ட புளூம்பெர்க்கின் அறக்கட்டளை முன்வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு வல்லரசின் கடமை ஒரு தனிமனிதரின் தயவாக மாறிய நாள் அது. நாளை அவர் மனம் மாறினால் யாரிடம் போய்க் கேட்பது?

நம் வாசலிலும்

இது அமெரிக்கக்காரர்களை மட்டும் குற்றம் சாட்டும் பேச்சல்ல. பாலாறு நம் கண்ணெதிரில் கிடக்கிறது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனாலும் ஆறு மீளவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டுக்கும் ஆற்றைச் சீர்படுத்தவும் உத்தரவிட நேர்ந்தது.

அந்தத் தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் முதலாளிகளாகவும் இருக்கிறார்கள், தொழிலாளர்களாகவும் இருக்கிறார்கள். கல்விக்கும் மருத்துவத்துக்கும் தாராளமாக வழங்கியவர்கள் அவர்களில் உண்டு, நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கிணற்று நீர் கெட்டுப்போன விவசாயிக்குச் சேர வேண்டியது உதவித்தொகை அல்ல, இழப்பீடு. முன்னது கொடுப்பவரின் பெருந்தன்மை. பின்னது வாங்குபவரின் உரிமை. முன்னதை வாங்கும்போது தலை குனிகிறது. பின்னதை வாங்கும்போது நிமிர்கிறது.

சகோதரர்களே! இனி ஒரு கோடீஸ்வரர் பூமிக்காக அள்ளிக் கொடுத்தார் என்று செய்தி படித்தால், எவ்வளவு கொடுத்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர் தொழிலின் புகை குறைந்ததா? மீதிப் பணம் எந்தத் தொழிலில் வளர்கிறது? வரியை ஒழுங்காகக் கட்டினாரா? பாதிக்கப்பட்டவர் கைக்கு எவ்வளவு போனது? இந்த நான்கையும் கேளுங்கள்.

நான்குக்கும் நேர்மையான பதில் தருபவர் வழங்கும் மோரை மகிழ்ச்சியோடு குடிப்போம். தராதவரிடம் சொல்வோம்: பந்தல் இருக்கட்டும் ஐயா, பின்னால் நிற்பவர்களின் கடனை முதலில் அடையுங்கள்!