கடலுக்குள் மறைந்த எம்.எச்.370



2014-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், நள்ளிரவு கடந்து 12.42 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்டது மலேசியன் ஏர்லைன்ஸ் விமானம் எம்.எச்.370. பயணிகள் 227 பேர், பணியாளர்கள் 12 பேர். பயணிகளில் பெரும்பாலோர் சீனர்கள். இந்தியர் ஐவரும் இருந்தனர். 1.19-க்கு விமானி அறையிலிருந்து இரவு வணக்கம் சொல்லப்பட்டது. அதுவே கடைசிக் குரல். சிறிது நேரத்தில் விமானம் ராடார் திரையிலிருந்து மறைந்துபோனது.

மறைந்தது என்கிறோம், ஆனால் இராணுவ ராடார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது! விமானம் திரும்பி, மலேயாத் தீபகற்பத்தைக் கடந்து, அந்தமான் கடல் பக்கமாகச் சென்றது. பகைவர் விமானமல்ல என்று எண்ணி யாரும் பின்தொடரவில்லை. காணவில்லை என்ற அபாய அறிவிப்பும் பல மணி நேரம் கழித்தே வந்தது. தேடுதலோ முதல் நாட்களில் பெரும்பாலும் தென்சீனக் கடலில், அதாவது தவறான திசையில் நடந்தது. இன்மார்சாட் செயற்கைக்கோளுக்குக் காலை 8.19 வரை விமானத்திலிருந்து குறிகள் கிடைத்திருந்தன. அவற்றை வைத்துத்தான் அது தென் இந்தியப் பெருங்கடலில் விழுந்தது என்று கணக்கிட்டார்கள்.

அதன்பின் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியை அலசினார்கள். 2017 ஜனவரியில் அத்தேடுதல் நிறுத்தப்பட்டது. 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற தனியார் நிறுவனம் தேடியும் பயனில்லை. கிடைத்தவை ஒதுங்கிய துண்டுகள் மட்டுமே. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவின் கரையில் இறக்கைப் பகுதி ஒன்று முதலில் வந்து சேர்ந்தது.

சரி, குற்றவாளி யார்? விமானியே என்று தொலைக்காட்சிகளும் புத்தகங்களும் தீர்ப்பு எழுதிவிட்டன. அவர் வீட்டிலிருந்த பயிற்சிக் கணினியில் தென் இந்தியப் பெருங்கடல் நோக்கிய பாதை ஒன்று பதிவாகியிருந்தது உண்மைதான். ஆனால் 2018 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை என்ன சொன்னது? விமானம் மனிதக் கையாலேயே திருப்பப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் நபரின் தலையீட்டை மறுக்க இயலாது. காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை. அவ்வளவே. பொய்ச்சான்று கூடாது என்ற கட்டளையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த நாம், தன் பக்க நியாயத்தைச் சொல்ல முடியாத ஒருவர்மேல் இத்தனை எளிதாகக் கொலைப்பழி சுமத்தலாமா? அவருக்கும் குடும்பம் உண்டு.

உறவினர் நிலைதான் கொடுமை. 2015 ஜனவரி 29-இல் மலேசிய அரசு இதை விபத்து என அறிவித்து, அனைவரும் இறந்ததாகக் கொள்ளப்படும் என்றது. இழப்பீட்டுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் உடலைக் காணாமல் எப்படி அழுவது? இறந்தோருக்காக மன்றாடுவதா, உயிரோடு திரும்பி வர மன்றாடுவதா? பலர் கையொப்பமிட மறுத்தார்கள். அவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்றோ, உண்மையை ஏற்காதவர்கள் என்றோ சொல்வது நியாயமில்லை.

சில மாற்றங்கள் வந்துள்ளன. பெருங்கடல்மேல் பறக்கும் பெரிய விமானங்களின் இருப்பிடம் குறைந்தது 15 நிமிடத்திற்கு ஒருமுறை தெரிய வேண்டும் என்பது இப்போது பன்னாட்டு விதி. நீருக்கடியில் கறுப்புப் பெட்டியைக் காட்டிக்கொடுக்கும் கருவி 30 நாட்களுக்குப் பதில் 90 நாட்கள் ஒலிக்க வேண்டும். எம்.எச்.370-இன் தகவல் பதிவுப் பெட்டியில் இருந்த அக்கருவியின் மின்கலமோ 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. மாற்றியதற்குச் சான்று இல்லை.

2025 மார்ச்சில் மலேசிய அரசு ஓஷன் இன்ஃபினிட்டியோடு மீண்டும் ஒப்பந்தம் செய்தது: புதிதாக 15,000 சதுர கிலோமீட்டர், கண்டுபிடித்தால் மட்டுமே 7 கோடி டாலர். ஒரு மாதத்திற்குள் கடலின் சீற்றத்தால் தேடுதல் நின்றது. அந்த ஆண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது.