ஜாதிக் கணக்கு எதற்காக?

இந்தியாவின் அடுத்த ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருடைய ஜாதியையும் பதிவு செய்வதென்று மத்திய மந்திரி சபையின் அரசியல் விவகாரக் கமிட்டி 2025 ஏப்ரல் 30-ந் தேதி தீர்மானித்தது. அவ்வருஷம் ஜூன் மாதம் வெளியான கெஜட் அறிவிப்பு 2027 மார்ச் 1-ந் தேதியை அக்கணக்குக்குரிய நாளாகக் குறித்தது. 1931-க்குப் பிறகு தேசம் முழுவதிலும் எல்லா ஜாதியாரையும் எண்ணி வெளியிட்ட கணக்கு கிடையாது. 1941-இல் யுத்தத்தை முன்னிட்டு ஜாதி அட்டவணைகள் கைவிடப்பட்டன. 1951 முதல் ஷெட்யூல்டு ஜாதியாரும் பழங்குடியினரும் மட்டுமே எண்ணப்பட்டு வந்தனர். இத்தனை காலத்துக்குப் பின் மீண்டும் எழுந்துள்ள இந்தக் கேள்வியில் ஆதரிப்போர், எதிர்ப்போர் இருவரிடத்தும் ஆவேசத்துக்குக் குறைவில்லை. ஆனால் எதை எண்ணப் போகிறோம், எதன் பொருட்டு எண்ணப் போகிறோம் என்ற இரண்டையும் நிதானமாக ஆராய்வோர் சிலரே.

முதலில் எண்ணப்படும் பொருள் இன்னதென்று தெளிய வேண்டும். நான்கு வர்ணம் என்பது சாஸ்திரத்தில் காணும் பாகுபாடு. கிராமத்தில் நடமாடுவது வர்ணமன்று, ஜாதி. ஒரே வர்ணத்தினர் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு ஜாதியார் தங்களுக்குள் சம்பந்தம் செய்து கொள்வதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லை எதுவோ, அதுவே ஜாதியின் எல்லை. ஜாதியின் உயிர்நிலை இந்த அகமண வழக்கமே என்று டாக்டர் அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா சர்வகலாசாலையில் வாசித்த கட்டுரையில் நிலைநாட்டினார். தொழில் மாறியது, உடை மாறியது, ரயிலிலும் ஹோட்டலிலும் சமபந்தி வந்துவிட்டது. கலியாணம் மட்டும் மாறவில்லை. 2011-12-இல் தேசமெங்கும் நடந்த குடும்ப ஆராய்ச்சியில், ஜாதி விட்டு நடந்த விவாகங்கள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவிலேயே இருந்தன.

ஜாதியின் இரண்டாவது லட்சணம் அதன் படிவரிசை. மேலோர், கீழோர் என்று சமூகம் இரண்டாக மட்டும் பிரிந்திருந்தால், கீழே உள்ளவர்கள் ஒன்றுகூடி என்றோ அதைத் தகர்த்திருப்பார்கள். இங்கே படிகள் பல. ஒவ்வொரு படியில் நிற்பவனும் தன் தலைமேல் மிதிக்கும் காலைக் காண்கிறான். தன் காலின் கீழ் இருக்கும் தலையைக் காண்பதில்லை. இதனாலேயே இம்முறை இவ்வளவு காலம் நிலைத்தது. மூன்றாவது லட்சணத்தை மைசூர் ராஜ்யத்து ராமபுர கிராமத்தில் தங்கி ஆராய்ந்த எம். என். சீனிவாஸ் எடுத்துக் காட்டினார். சாஸ்திர வரிசையில் உச்சியில் இல்லாவிடினும், நிலமும் ஆள்பலமும் அதிகாரிகளிடம் செல்வாக்கும் உடைய ஜாதியே கிராமத்தை ஆளும். அதற்கு ‘ஆதிக்க ஜாதி’ என்று அவர் பெயரிட்டார். ஆகவே தலைகளை எண்ணினால் மட்டும் ஒரு ஜாதியின் நிலை விளங்கிவிடாது. நிலம் யாரிடம், உத்தியோகம் யாரிடம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்நிய ஆட்சியார் இந்தக் கணக்கை எப்படி நடத்தினார்கள்? 1901-இல் ஸென்ஸஸ் கமிஷனராயிருந்த ரிஸ்லி, ஜாதிகளை எண்ணியதோடு நில்லாமல் அந்தஸ்துப்படி வரிசைப்படுத்தவும் ஏற்பாடு செய்தார். அன்று முதல் ஸென்ஸஸ் புஸ்தகம் மேன்மைக்குச் சாட்சிப் பத்திரமாயிற்று. ஜாதிச் சங்கங்கள் மனுமேல் மனுவாக அனுப்பின. 1911-இல் வங்காளத்தில் வந்து குவிந்த மனுக்கள் ஒன்றரை மணங்கு எடை இருந்தனவாம்! அவமதிப்பான பெயரை ஒழித்து மானத்தோடு வாழ விரும்பிய சமூகத்தாரின் முயற்சி இதில் நியாயமானதே. சென்னை மாகாணத்தில் நாடார் சமூகத்தார் நெடுங்காலம் போராடி 1921 ஸென்ஸஸில் தங்கள் பெயரை நிலைநாட்டியது அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் பொதுவாக நடந்தது என்ன? ஏணியை உடைக்க வேண்டியவர்கள், ஏணியில் ஒரு படி மேலே இடம் கேட்டு நின்றார்கள்.

இந்த அநுபவத்தைக் காட்டியே சிலர், “எண்ணினால் ஜாதி வளரும், எண்ணாவிட்டால் மறையும்” என்கிறார்கள். நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் ஆக்ஷேபமே இது. ஆயினும் சுதந்திரத்துக்குப் பின் அநேக வருஷங்கள் எண்ணாமலே இருந்து பார்த்தோமே, ஜாதி மறைந்ததா? விவாக விளம்பரங்களில் மறையவில்லை. தேர்தலில் அபேக்ஷகரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் காரியாலயங்களில் மறையவில்லை. சுடுகாட்டுப் பாதையில் மறையவில்லை. மறைந்தது கணக்கு மட்டுமே. ஒவ்வொரு கட்சியிடமும் ரகசியமாக ஓர் உத்தேசக் கணக்கு இருக்கும்போது பிரஜைகளிடம் மட்டும் உண்மைக் கணக்கு இருக்கலாகாது என்பது என்ன நியாயம்? 1980-இல் அறிக்கை சமர்ப்பித்த மண்டல் கமிஷனும் பிற்பட்டோர் நூற்றுக்கு 52 பேர் என்பதை 1931-ஆம் வருஷத்து எண்களைக் கொண்டே உத்தேசிக்க நேர்ந்தது.

கணக்கு எவ்வாறு பயன்படும் என்பதற்குப் பீஹார் ஓர் உதாரணம். அந்த ராஜ்யம் 2023 அக்டோபரில் வெளியிட்ட ஜாதிக் கணக்கின்படி, ஏறக்குறைய 13 கோடி ஜனங்களில் மிகவும் பிற்பட்டோர் நூற்றுக்கு 36. மற்றப் பிற்பட்டோர் 27. ஷெட்யூல்டு ஜாதியார் சுமார் 20. பொதுப் பிரிவினர் பதினைந்தரை. எல்லோரும் இந்த எண்களையே பேசினார்கள். அடுத்த மாதம் வெளியான பொருளாதார விவரங்களே அதிக முக்கியமானவை. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வருமானமில்லாத குடும்பங்கள் ஷெட்யூல்டு ஜாதியாரில் நூற்றுக்கு 43. பொதுப் பிரிவினரில் 25. வறுமை எல்லா ஜாதியிலும் உண்டு என்பதும், அது எல்லா ஜாதியிலும் ஒரே அளவில் இல்லை என்பதும் ஒருங்கே வெளிப்பட்டன. இவ்விரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி உண்மையைச் சொல்பவரே.

கணக்கைக் கெடுக்கும் வழியும் நமக்குத் தெரிந்ததே. 2011-இல் தொடங்கிய சமூக பொருளாதார ஜாதிக் கணக்கில் பெயர்ப் பட்டியல் ஒன்றும் முன்னதாகத் தயாரிக்கப்படவில்லை. ஜாதி, உட்பிரிவு, பட்டப்பெயர், கோத்திரம் எல்லாம் கலந்து 46 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பதிவாயின. 1931-இல் இருந்தவை 4,147 என்று மத்திய சர்க்காரே 2021-இல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. அந்த ஜாதி விவரம் வெளிவரவே இல்லை. பட்டியல் இல்லாத கணக்கு குப்பை. வெளியிடப்படாத கணக்கு வீண் செலவு.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று விஷயங்கள். முதலாவது, ராஜ்யந்தோறும் ஜாதிப் பெயர்ப் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்பட்டு, ஆக்ஷேபங்கள் கேட்கப்பட்டு முடிவாக வேண்டும். இரண்டாவது, வெறும் தொகையோடு நிற்கக் கூடாது. வீடு, குடிநீர், கழிப்பிடம், எழுத்தறிவு, தொழில் ஆகியவை ஸென்ஸஸில் வழக்கமாகக் கேட்கப்படுபவை. இவற்றை ஒவ்வொரு ஜாதிக்கும், முன்னேறிய ஜாதிகள் உட்பட, தனித்தனியே அட்டவணையாக்க வேண்டும். பிற்பட்டவரை மட்டும் அளந்து முன்னேறியவரை அளக்காவிட்டால் ஏற்றத்தாழ்வு எப்படித் தெரியும்? மூன்றாவது, பெரிய பிரிவுகளுக்குள் இருக்கும் மேடுபள்ளமும் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009-இல் நூற்றுக்கு மூன்று உள் ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. ஷெட்யூல்டு ஜாதிகளுக்குள் உட்பிரிவு செய்ய ராஜ்யங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டும், தக்க புள்ளிவிவரத்தின் பேரிலேயே அதைச் செய்யவேண்டுமென்றது. அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. மனிதன் மலம் அள்ளுவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. அதன் பின்னரும் சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டவர்கள் உண்டு. அந்த வேலை எந்தத் தெருவாருக்கு விடப்பட்டிருக்கிறது என்பதைக் கணக்கு சொல்லட்டும்.

பொது ஊழியத்தில் ஈடுபட்டோருக்கு ஒரு வார்த்தை. எண்கள் வெளிவந்ததும், “நாங்கள் இத்தனை கோடி” என்று மேடை போட்டு முழங்க ஒவ்வொரு ஜாதியிலும் ஆட்கள் கிளம்புவார்கள். அன்று மேன்மைக்காக மனுப்போட்டோம். இன்று எண்ணிக்கைக்காக ஊர்வலம் போவோமானால் ஏணி அப்படியே நிற்கும். வைத்தியன் நாடி பார்ப்பது வியாதியைக் கொண்டாடுவதற்காக அல்ல. நாடி பார்த்த பின் மருந்து கொடாதவனும் வைத்தியன் அல்லன். எண்ணிக்கையில் சிறியது, நிலத்தில் ஏழ்மையானது, பேச நாதியற்றது என்று கணக்கில் எந்த ஜாதி தெரிகிறதோ, அதன் வாசலில் முதலில் போய் நிற்பதே தேச ஊழியம். நம் வீட்டுக் கலியாணத்தில் ஜாதி கேட்பதை நிறுத்துவது அதற்கு அடுத்த படி. ஸென்ஸஸ் அதிகாரி கேட்கும் ஜாதி ஒரு நாள் கேள்வி; பெண் பார்க்கப் போகும்போது நாம் கேட்கும் ஜாதியே தலைமுறைதோறும் அதை உயிர்ப்பிக்கிறது.