கருவியைத் தொட விடுங்கள்

திசைவேகம் என்றால் என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பார்கள். தூரம் – காலம் வரைபடம் ஒன்றைக் காட்டி, 'இந்த ஆள் எங்கே நின்றான், எங்கே திரும்பினான்?' என்று கேட்டால் விழிப்பார்கள். கோடு ஏறினால் ஆள் மேடு ஏறுகிறான் என்பார்கள். கோடு படுத்திருந்தால் சமதரையில் நடக்கிறான் என்பார்கள். இது நம் பிள்ளைகளின் குறை அல்ல. உலகம் முழுக்க மாணவர்கள் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நடந்து பார்க்க வேண்டிய பாடத்தை உட்கார வைத்து நடத்துவதால் வரும் வினை இது.

ஒரு மேசை மேல் மோஷன் சென்சாரை வைத்துப் பாருங்கள். வவ்வால் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அது எதிரே நிற்பவர் மேல் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 2 மீட்டர் தள்ளி நிற்பவரைத் தொட்டுத் திரும்ப, நொடியில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிக நேரம். அதை வைத்துத் தூரம் கணக்கிடப்பட்டு, கணினித் திரையில் கோடாக ஓடுகிறது.

ஒரு மாணவி சென்சாரை விட்டு விலகி நடக்கிறாள், கோடு ஏறுகிறது. நிற்கிறாள், கோடு படுத்துக்கொள்கிறது. திரும்பி வருகிறாள், இறங்குகிறது. நடையைக் கூட்டினால் கோடு இன்னும் செங்குத்தாகிறது. அடுத்து திசைவேக வரைபடத்தைத் திறந்தால், அவள் திரும்பி வரும்போது கோடு பூச்சியத்துக்குக் கீழே போகும். 'வேகம் எப்படி சார் மைனஸ் ஆகும்?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பிறகு ஆசிரியர் பலகையில் ஒரு கோட்டை வரைந்து, 'இதை நடந்து காட்டு' என்றால் வகுப்பே எழுந்துவிடும்.

அமெரிக்காவில் 1980களிலேயே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் தார்ன்டன் போன்றோர் இந்த முறையைப் பரப்பினார்கள். 1987இல் வெளியான ஹெதர் பிராசெலின் ஆய்வில், நடக்கும்போதே வரைபடத்தைப் பார்த்த மாணவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. அரை நிமிடம்கூட இல்லாத தாமதம் அந்தப் பலனைப் பெருமளவு குறைத்துவிட்டது.

காசு ஒரு தடையே அல்ல. மீயொலி சென்சார் இன்று நூறு ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. ஆர்டுயினோ போர்டும் வயரும் சேர்த்தாலும் ஆயிரத்துக்குள் அடங்கும். அதுவும் இல்லையா? ஆசிரியரின் கைப்பேசி போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம். கைப்பேசியைத் துணிப்பையில் போட்டு 1 மீட்டர் கயிற்றில் ஊஞ்சலாட்டினால், ஒரு முழு அலைவுக்கு ஏறக்குறைய 2 நொடி என்று அதுவே காட்டும். (பிள்ளைகள் வீட்டிலிருந்து கைப்பேசி கொண்டுவர வேண்டும் என்று கேட்காதீர்கள். பல வீடுகளில் இருப்பதே ஒன்றுதான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.)

பிறகு எது தடை? நாங்கள் படித்த காலத்தில் ஆய்வக பீரோ பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் திறக்கும். 'தொடாதே, உடைந்தால் யார் பொறுப்பு?' என்பதே முதல் பாடம். ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? சரக்குப் பதிவேட்டில் ஒரு பொருள் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். உடைந்த பொருளை எளிதாகக் கழித்துவிட விதி இருந்தால் அவருக்கும் பயம் போகும்.

ஆனால் 'தொடாதே' என்ற சொல் நமக்கு வேறு மாதிரியும் கேட்கும். அண்ணல் அம்பேத்கரைப் பள்ளியில் கரும்பலகைக்கு அழைத்தபோது, அதன் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் அப்புறப்படுத்தினார்கள். அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவான செய்தி இது. இன்று அப்படி ஓடுவதில்லை. ஆனால் ஐந்து பேர் குழுவில் கருவியைப் பிடிப்பது யார், மேசையைத் துடைப்பது யார், தள்ளி நின்று அளவை எழுதுவது யார் என்று கவனித்துப் பாருங்கள். சென்சார் வந்தாலும் இது தானாக மாறாது. சுற்று முறை வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் அதன் முன்னால் நடக்க வைத்தால்தான் மாறும்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இயங்குகின்றன. நமக்கென ஒதுக்கும் நிதி நமக்கே செலவாக வேண்டும் என்பதற்காக 2024இல் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அந்த நிதியில் இயற்பியல் நடத்தும் ஒவ்வொரு நலப் பள்ளிக்கும் ஐந்து சென்சார், ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி என்று கேட்பது பேராசை அல்ல. வண்ணம் பூசி, திறப்பு விழா நடத்தி, மறுநாள் பூட்டும் அறை நமக்கு வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் சத்துணவு, கழிப்பறை பற்றிப் பேசும்போது இதையும் கேளுங்கள்: இந்த மாதம் ஆய்வகம் எத்தனை நாள் திறந்தது? என் பிள்ளை எந்தக் கருவியைக் கையில் எடுத்தது?