உதவி கேட்டு வந்த கடிதம்

1984 அமெரிக்க அதிபர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ ரீகனிடம் பறிகொடுத்தவர் என்றுதான் வால்டர் மாண்டேலின் பெயர் எனக்கு முதலில் தெரியவந்தது. கார்ட்டரிடம் துணை அதிபராக இருந்தவர், பின்னாளில் ஜப்பானுக்குத் தூதராகப் போனவர் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. ஆனால் மினசோட்டா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்த நாலரை ஆண்டுகளுக்காகவே, அதிலும் ஒரு கடிதத்துக்கு அவர் எழுதிய பதிலுக்காகவே, நான் அவரைப் பெரிய மனிதராக நினைக்கிறேன்.

அவர் 1928-ல் பிறந்த ஊரின் பெயர் சிலோன். நம் பக்கத்துத் தீவின் பழைய பெயர்தான். மினசோட்டாவின் தென்கோடியில் உள்ள சிற்றூர். தந்தை மெதடிஸ்ட் சபைப் போதகர், தாய் இசை சொல்லிக்கொடுத்தவர். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு அரசு கொடுத்த படிப்பு உதவியில் சட்டம் படித்து 1956-ல் முடித்தார். 1960 மே மாதம் அட்டர்னி ஜெனரல் பதவி பாதியில் காலியானபோது ஆளுநர் ஆர்வில் ஃப்ரீமன் அவரை அதில் உட்காரவைத்தார். வயது 32. ஃப்ரீமனின் தேர்தல் வேலைகளை முன்னின்று நடத்தியவர் என்பதால், கட்சிக்கு உழைத்ததற்குக் கிடைத்த பரிசு என்று யாரும் சொல்லியிருக்கலாம்.

நம் மாநிலங்களில் அரசுத் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார். மினசோட்டாவில் அட்டர்னி ஜெனரல் மக்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வேண்டும். மாண்டேல் 1960-லும் 1962-லும் ஜெயித்தார். போலியோ நோயாளிகளின் பெயரில் நன்கொடை திரட்டிய சிஸ்டர் கென்னி அறக்கட்டளையில் நடந்த மோசடியை விசாரித்தது அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்த அறக்கட்டளையை நடத்தியவர் மினியாபொலிஸ் நகரின் முன்னாள் மேயர். அவர் தண்டனையிலிருந்து தப்பவில்லை.

இனி அந்தக் கடிதம். 1961-ல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை கைதானார். வக்கீல் வைக்கக் காசில்லை, எனக்கு ஒருவரை அமர்த்திக் கொடுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கென்றால் மட்டுமே அரசு வக்கீல் கொடுக்கும் என்பது அந்த மாநிலச் சட்டம். தனக்குத்தானே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைக்குப் போனார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது.

ஃப்ளோரிடா அரசுத் தரப்பு ஆள் பலம் தேடியது. இது மாநிலங்களின் உரிமைப் பிரச்சினை, எங்களுக்கு ஆதரவாக நீங்களும் மனுச் செய்யுங்கள் என்று மற்ற மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களுக்கெல்லாம் கடிதம் போனது. கடிதம் கைக்கு வந்தபோது மாண்டேல் எந்த நாற்காலியில் இருந்தார் என்று எண்ணிப் பாருங்கள். அவரே அரசுத் தரப்பு. வக்கீல் இல்லாத, குற்றம் சாட்டப்பட்டவரைத் தோற்கடிப்பது எளிது. கிடியன் ஜெயித்தால் பழைய தண்டனைகள் பல செல்லாமல் போகும், மாநிலங்களுக்குச் செலவு கூடும். பதிலே போடாமல் கோப்பில் செருகி வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் மறுத்து எழுதினார். மாநில உரிமையில் தனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் ஏழைக்கு வக்கீல் கொடுப்பது நியாயம், முடியக்கூடிய காரியமும்கூட என்றார். அதோடு விடவில்லை. மாசசூசெட்ஸின் அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் மெக்கார்மக்குடன் கைகோத்து மற்ற மாநிலங்களையும் சேர்த்தார். ஃப்ளோரிடாவின் பக்கம் வந்தவை இரண்டே மாநிலங்கள். சிறையிலிருந்த கிடியனுக்காக 22 மாநிலங்கள் நின்றன! நீதிபதி ஹ்யூகோ பிளாக் 1963 மார்ச் 18 அன்று வழங்கிய தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, 1942-ல் தங்கள் நீதிமன்றமே சொன்னதைத் தள்ளி, கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும் என்றனர்.

எல்லா இடத்திலும் அவர் இப்படி நின்றார் என்று சொல்ல மாட்டேன். 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டுமே கொண்ட குழு வந்தது. அதை எதிர்த்து ஃபேன்னி லூ ஹேமர் போன்ற கறுப்பினத்தவர் நியாயம் கேட்டு வந்தார்கள். சமரசம் பேசிய துணைக்குழுவின் தலைவர் மாண்டேல். அவர்களுக்கு நீட்டப்பட்டவை இரண்டு இடங்கள். வேண்டாமென்று போய்விட்டார்கள். அவர்கள் செய்ததே சரி. அடுத்த மாநாட்டிலிருந்து இனப் பாகுபாடுள்ள குழுக்களுக்கு இடமில்லை என்ற விதி அந்தச் சமரசத்தில் இருந்தது உண்மைதான். ஆனாலும் அன்று அவர் கட்சியின் வசதியைப் பார்த்தார். அந்த ஆண்டு டிசம்பரில், துணை அதிபராகப் போன ஹம்ஃப்ரி விட்ட செனட் இடத்துக்கு நியமிக்கப்பட்டார். 2021-ல் தன் 93-ஆம் வயதில் காலமானார்.

கிடியனின் வழக்கு 1963 ஆகஸ்டில் அதே பனாமா சிட்டியில், அதே நீதிபதி முன் மறுபடி நடந்தது. சாட்சி அதே சாட்சிதான். இம்முறை குறுக்கு விசாரணை செய்ய ஃப்ரெட் டர்னர் என்ற வக்கீல் பக்கத்தில் இருந்தார். ஜூரி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடிப் பேசி, கிடியன் குற்றவாளி அல்ல என்று வந்து சொன்னது.