வாஷிங்டன் வியாபாரமும் மண்டபம் முகாமும்

அமெரிக்காவில் மோட்டார் வண்டி விற்காவிட்டால், சேது சீமையில் அடுப்பு எரியாதா? 1930-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் எரியாமல்தான் போயிற்று.

முதல் உலகப் போருக்குப் பின், 1921 முதல் 1933 வரை, ஹார்டிங், கூலிட்ஜ், ஹூவர் ஆகிய மூவர் அடுத்தடுத்து அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்தார்கள். மூவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். வியாபாரம் செழித்தால் நாடு செழிக்கும், சர்க்கார் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அவர்களுடைய மந்திரம். அமெரிக்க மக்களின் முதல் அலுவல் வியாபாரமே என்று 1925-இல் கூலிட்ஜ் பத்திரிகை ஆசிரியர்களிடம் பகிரங்கமாகவே சொன்னார். நிதி மந்திரி மெல்லன் தாமே பெரிய கோடீஸ்வரர். வருமான வரியின் உச்ச விகிதம் நூற்றுக்கு 73-ஆக இருந்ததை அவர் காலத்தில் 25-ஆகக் குறைத்தார்கள்.

சர்க்கார் உண்மையிலேயே ஒதுங்கி நின்றதா? வரி என்றால் ஒதுங்கிற்று. அந்நியச் சரக்கு என்றால் ஓடி வந்து சுங்கச் சுவர் எழுப்பிற்று!

ரப்பர் விஷயத்தைப் பாருங்கள். 1922-இல் பிரிட்டிஷார் மலேயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதிக்கு அளவு கட்டினார்கள். தோட்டத் துரைமார்களுக்கு விலை சரியக் கூடாதே என்ற கவலை! உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. 1925-இல் ராத்தல் விலை ஒரு டாலரையும் தாண்டியது. அப்போது வர்த்தக மந்திரியாக இருந்த ஹூவர் கொதித்தெழுந்தார். டயரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று ஊரெல்லாம் பிரசாரம் நடந்தது. பயர்ஸ்டோன் கம்பெனி லைபீரியாவுக்குத் தோட்டம் போடப் போயிற்று. கடைசியில், 1928 நவம்பரில், பிரிட்டிஷார் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள். ஹூவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. லண்டன் சர்க்காரும் தன் முதலாளிகளுக்காகவே வாதாடியது. மரத்தைக் கீறிப் பாலெடுத்த தமிழன் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930 ஜூனில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் வேண்டாம் என்று மன்றாடியும், ஜனாதிபதி ஹூவர் புதிய சுங்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மற்ற நாடுகளும் பதிலுக்குச் சுவர் எழுப்பின. ரப்பருக்கு அந்தச் சட்டத்தில் தீர்வை இல்லை. ஆனாலும் என்ன? மோட்டார் வாங்க ஆளில்லை; டயர் யாருக்கு வேண்டும்? ஒரு டாலர் விற்ற ராத்தல் ரப்பர் 1932-இல் மூன்று நான்கு சென்ட்டுக்கு வந்துவிட்டது.

இங்கேதான் மண்டபம் வருகிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து அனுப்புவார்கள். திருச்சி, மதுரை, ராமநாதபுரம் ஆட்கள் மூட்டையும் பிள்ளையுமாகப் போன பாதை அது. அதே பாதையில் இப்போது ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள். கூலி குறைந்தது, பிறகு வேலையே போயிற்று. வந்து இறங்கிய இடமோ வானம் பார்த்த பூமி!

செட்டிநாட்டின் பெரும்பகுதி அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது. பர்மாவில் நெல் விலை விழுந்ததும், கடன் வாங்கிய விவசாயிகளின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்களுடைய நிலம், சில ஆண்டுகளில் 25 பங்காகிவிட்டது. கேட்டது பணம், கிடைத்தது மண்ணும் பர்மியரின் வெறுப்பும். (ஹூவரும் ஒரு காலத்தில் பர்மாவின் வெள்ளிச் சுரங்கத்தில் பொருள் சேர்த்தவரே. அவர் நல்ல விலை இருந்தபோதே விலகிக்கொண்டார்!)

1932 நவம்பரில் அமெரிக்க வாக்காளர்கள் ஹூவரை வீட்டுக்கு அனுப்பி ரூஸ்வெல்ட்டைக் கொண்டுவந்தார்கள். இலங்கையில் 1931-இல் வந்த டொனமூர் திட்டத்தின்படி, நெடுநாள் குடியிருந்த தோட்டத் தொழிலாளிக்கும் வாக்கு உண்டு. கப்பலேறித் திரும்பியவனுக்கு அது போயிற்று. இங்கே சென்னை மாகாணத்திலோ, சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வாக்கு. மண்டபத்தில் இறங்கியவனிடம் இரண்டும் இல்லை.